பகுதி சபைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: அறிவிப்பு முதல் அளவுப் புத்தகம் வரை

கிராமத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை உண்டு. ஊராட்சித் தலைவரை எதிரில் வைத்துக்கொண்டு வரவு செலவைக் கேட்கலாம். நகரவாசிக்கு அப்படி ஓர் இடம் வெகுகாலம் இல்லை. தமிழ்நாட்டில் அதற்கான சட்டத் திருத்தம் 2010-லேயே வந்தது; நடைமுறை விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலினே உட்கார்ந்து குறை கேட்டார்.

அதன் பிறகு பல வார்டுகளில் நடப்பது இதுதான்: கூட்டம் போடுகிறார்கள், மக்கள் வருகிறார்கள், தெருவிளக்கு, குப்பை, சாக்கடை என்று இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்க்கிறார்கள், அதிகாரிகள் தலையாட்டுகிறார்கள், டீ குடித்துவிட்டுக் கலைகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் அதே குறையோடு வருகிறார்கள். காரணம் எளிது. பேசியது எதுவும் தீர்மானப் பதிவேட்டில் ஏறவில்லை. பதிவேட்டில் இல்லாத கோரிக்கைக்கு எந்த அலுவலரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. ஒரு கோரிக்கையை வாய்ப்பேச்சிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து பணி ஆணைக்கும் கொண்டு போகும் வழியைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையை ஒட்டியவை. மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்காரர்கள் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிறிய ஊர்களில் பகுதிகளின் எண்ணிக்கை குறையும். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் பகுதி சபையின் உறுப்பினர். யாரும் அழைக்கத் தேவையில்லை, அனுமதியும் வேண்டாம். அதற்கு மேலே வார்டு குழு. அதன் தலைவர் உங்கள் கவுன்சிலர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி அதில் இருப்பார். செயலாளராக மாநகராட்சி அலுவலர் ஒருவர் இருப்பார்.

இந்தப் பகுதிப் பிரதிநிதியை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநகராட்சி மன்றம் நியமிக்கிறது. எங்கள் பார்வையில் விதிகளிலேயே பலவீனமான இடம் இதுதான். கவுன்சிலருக்கு வேண்டியவரே பிரதிநிதியாக வந்து உட்காரும் வாய்ப்பு அதிகம். அதனாலேயே சபைக்கு ஆட்கள் வருவது முக்கியம். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிரதிநிதி யாருடைய ஆளாக இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டு பழைய முகவரியிலேயே இருந்தால், நீங்கள் இந்தப் பகுதி சபையின் உறுப்பினர் அல்ல என்று யாரேனும் வாயை அடைக்கலாம். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கூட்டத்துக்கு முன்: எண்ணும் தேதியும்

உங்கள் வார்டு எண் சொத்துவரி ரசீதில் இருக்கும். பகுதி எண்தான் பலருக்குத் தெரியாது. வார்டு அலுவலகத்தில் "எங்கள் தெரு எத்தனையாவது பகுதி? பிரதிநிதி யார்? தெருப் பட்டியல் ஒன்று கொடுங்கள்" என்று கேளுங்கள். இது ரகசியம் அல்ல. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(ஆ) இதுபோன்ற விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது.

விதிகளின்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சபை கூட வேண்டும். அதற்கென்று வைத்த நாட்கள் ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. நவம்பர் 1 அன்றும் கூட்டம் நடப்பதுண்டு. அந்தந்த நாளில் நடக்காமல் தள்ளிப்போவதும் உண்டு. ஆகவே தேதிக்கு மூன்று வாரம் முன்பே கவுன்சிலருக்கும் மண்டல அலுவலருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுத்து, நாள், நேரம், இடம், பொருள் நிரல் ஆகியவற்றை எழுத்தில் கேட்டுவிடுங்கள். "கூட்டம் நடந்ததே, உங்களுக்குத் தெரியாதா?" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. உண்மையில் பல இடங்களில் கூட்ட அறிவிப்பு முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகத்தான் வருகிறது. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்களோ அவர்களே சபை என்று ஆகிவிடுகிறது.

இடமும் நேரமும் சாதாரண விஷயம் போலத் தோன்றும். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் கூலி வேலைக்காரர் வர முடியாது. மாடியில் உள்ள சமுதாயக் கூடத்தில் போட்டால் சக்கர நாற்காலியில் வருபவரும் முழங்கால் வலிக்காரரும் வாசலோடு நின்றுவிடுவார்கள். எனவே அதே கடிதத்தில் தரைத்தளத்தில் உள்ள மாநகராட்சிப் பள்ளியைக் கேளுங்கள், விடுமுறை நாள் காலையையோ மாலை ஆறு மணியையோ கேளுங்கள், மைக் கேளுங்கள். இருபது பேர் கையெழுத்தோடு போனால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

எந்த வேலை யாருடையது?

தவறான அலுவலகத்துக்குப் போகும் மனு சாவதற்கு ஒரு நிமிடம் போதும். "இது எங்கள் துறை இல்லை" என்று எழுதினால் கோப்பு முடிந்தது.

சென்னையில் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, பூங்கா, கொசு ஒழிப்பு ஆகியவை மாநகராட்சிக்கு உரியவை. புகார் எண் 1913. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, எண் 1916. வீட்டு மின்சாரமும் மின்மாற்றியும் மின்வாரியத்துக்கு, மின்னகம் எண் 94987 94987. அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பட்டா, ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியர். கோவை, மதுரை போன்ற ஊர்களில் குடிநீர்க் குழாய் மாநகராட்சியின் கையிலேயே இருப்பதால் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறைவு.

சிக்கல் இரண்டு துறைகள் உரசும் இடத்தில்தான் வரும். மழைநீர் வடிகாலில் கழிவுநீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகால் மாநகராட்சியுடையது, அதில் ஓடுவது வாரியத்தின் கழிவுநீர். மாநகராட்சிப் பொறியாளர் "வாரியம் அடைப்பை எடுக்கவில்லை" என்பார். வாரியத்தார் "வீட்டுக்காரர்கள் திருட்டு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள், வடிகாலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கும். இதுபோன்ற கோரிக்கையில் "சரி செய்ய வேண்டும்" என்று கேட்பதில் பயனில்லை. "மாநகராட்சி உதவிப் பொறியாளரும் குடிநீர் வாரிய உதவிப் பொறியாளரும் இன்ன தேதிக்குள் கூட்டாய்வு செய்து, முறைகேடான இணைப்புகளின் பட்டியலோடு அடுத்த சபையில் அறிக்கை வைக்க வேண்டும்" என்று கேளுங்கள். கூட்டாய்வு நடந்த நாளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

மனு எழுதும் விதம்

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். ஏழு குறைகளை ஒரே தாளில் எழுதினால், அவற்றில் எளிதான ஒன்றைச் செய்துவிட்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள்.

"எங்கள் தெருவில் விளக்கு எரிவதில்லை" என்பது புலம்பல். "4-வது குறுக்குத் தெருவில், கதவு எண் 12-க்கும் 20-க்கும் எதிரே உள்ள இரண்டு விளக்குகள் மார்ச் 3 முதல் எரியவில்லை" என்று எழுதி, கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் கம்பம் எண்ணையும் சேர்த்தால்தான் மனு. கம்பம் எண் இருந்தால் களப்பணியாளர் தேடி அலைய வேண்டாம். வடிகால் என்றால் எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, ஏறத்தாழ எத்தனை மீட்டர், மூடி எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணிக்கை வேண்டும். சாலைப் பள்ளம் என்றால் பக்கத்தில் ஓர் அளவுநாடாவை விரித்து வைத்துப் படம் எடுங்கள். படத்தின் பின்னால் தேதி, இடம் எழுதுங்கள்.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வழக்கமான வடிவமே போதும். 1913-இல் ஏற்கெனவே புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண்ணை "பார்வை" பகுதியில் போடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், இரண்டாவது நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். "உள்ளே வைத்துவிட்டுப் போங்க, பாக்கறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனுக்களுக்கு ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் பைசல் செய்யவும் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015-இல் அரசாணை (நிலை) எண் 99 பிறப்பித்திருக்கிறது. மனுவின் கடைசி வரியில் அந்த எண்ணைக் குறிப்பிடுவது நல்லது.

கூட்டத்தில்

பத்து நிமிடம் முன்பே போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். பெயர், கதவு எண், கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினால் மேலே கூட்டத்தின் தேதியும் பகுதி எண்ணும் எழுதச் சொல்லிவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் பின்னால் எதையும் எழுதிக்கொள்ளலாம்.

வந்திருக்கும் அலுவலர் யார், என்ன பதவி என்று ஆரம்பத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உதவிப் பொறியாளர், துப்புரவு ஆய்வாளர், குடிநீர் வாரியத்தவர் இந்த மூவரும் இல்லாத கூட்டத்தில் வாங்கும் வாக்குறுதிகளுக்கு எடை குறைவு. வரவில்லை என்றால் "இன்னின்னார் வரவில்லை" என்பதையே முதல் பதிவாக எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வருவார்கள்.

உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. சில வார்டுகளில் கவுன்சிலர் அம்மா உட்கார்ந்திருக்க, அவருடைய கணவரோ மகனோ பதில் சொல்வதைப் பார்க்கலாம். கேள்வியைக் கவுன்சிலரைப் பார்த்தே கேளுங்கள், மரியாதையாக, பெயர் சொல்லி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர்தான், பதிவேட்டில் ஏறுவதும் அவர் சொன்ன பதில்தான்.

இனி முக்கியமான கட்டம். பேச்சு முடிந்ததும் "இதைத் தீர்மானமாக எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குறிப்பு இப்படித்தான் இருக்கும்: "பொதுமக்கள் அடிப்படை வசதிகள் குறித்துக் கோரிக்கை வைத்தனர். ஆவன செய்யப்படும் எனத் தெரிவிக்கப்பட்டது." இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. தீர்மானம் இப்படி இருக்க வேண்டும்:

"தீர்மானம் 3: பகுதி 6, பள்ளிக்கூடத் தெருவில் கதவு எண் 1 முதல் 34 வரை மழைநீர் வடிகாலைத் தூர்வாரி, உடைந்த 5 மூடிகளை மாற்ற வேண்டும். பொறுப்பு: உதவிப் பொறியாளர். கெடு: 30 நாட்கள். நடவடிக்கை அறிக்கை அடுத்த பகுதி சபையில் வைக்கப்படும்."

இடம், அளவு, பொறுப்பானவர், கெடு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. நீங்களே இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனால் செயலாளருக்கும் சுலபம். அப்படியே பார்த்து எழுதிவிடுவார். கூட்டம் கலைவதற்கு முன் பதிவேட்டைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தான பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கக் கூடாது என்றால் சண்டை வேண்டாம். மறுநாளே நகல் கேட்டு மனுக் கொடுத்துவிடலாம்.

ஒரே தெருவிலிருந்து ஐந்து பேர் ஐந்து விஷயம் பேசுவதைவிட, முன்பே கூடி முன்னுரிமை வைத்து இரண்டு விஷயத்தை எல்லோரும் சொல்வது பலன் தரும். சொந்தத் தகராறு, பக்கத்து வீட்டுச் சுவர் போன்றவற்றை அங்கே கிளப்பினால் மொத்தக் கூட்டமும் அதிலேயே போய்விடும்.

வேலை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது

தீர்மானம் ஆன எல்லாமே உடனே நடக்காது. விளக்கு மாற்றுவது, தூர்வாருவது போன்ற பராமரிப்பு வேலைகள் வார்டு அளவிலேயே முடியும். புதுச் சாலை, புது வடிகால் என்றால் நீண்ட பாதை: முதலில் மதிப்பீடு, பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் (செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் பதிவேடு) பதிவு, கடைசியாக ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை. "என்ன ஆச்சு சார்?" என்று கேட்டால் "ப்ராசஸ்ல இருக்கு" என்றுதான் பதில் வரும். "எஸ்டிமேட் போட்டாச்சா? டெண்டர் விட்டாச்சா? வொர்க் ஆர்டர் தேதி என்ன?" என்று படிநிலையைச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவருக்குப் பாதை தெரியும் என்று புரிந்ததும் பதிலும் மாறும்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மாநகராட்சி பட்ஜெட் அதற்குச் சற்று முன்பே மன்றத்தில் வைக்கப்படுகிறது. எனவே பெரிய வேலைகளை ஏப்ரல் சபையில் கேட்டால் அந்த ஆண்டுக்கான பணம் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். செப்டம்பர், டிசம்பர் சபைகளில் தீர்மானமாக்கி வார்டு குழுவுக்கு அனுப்பினால்தான் மதிப்பீடு தயாரிக்கும் நேரத்தில் மேசையில் இருக்கும். கவுன்சிலருக்கென்று ஒதுக்கும் வார்டு மேம்பாட்டு நிதி எவ்வளவு, அதில் இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதையும் டிசம்பரில் கேளுங்கள். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது மீதம் இருந்தால், அதுவே உங்கள் கோரிக்கைக்கான பணம்.

தகவல் உரிமை மனு

கெடு முடிந்தும் வேலை நடக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு. வெள்ளைத் தாளில் எழுதி ரூ.10-க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்றின் நகலை இணைக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

புதியவர்கள் வழுக்கும் இடம் கேள்வியின் வடிவம். "ஏன் இன்னும் சாலை போடவில்லை?" என்று கேட்டால், அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடலாம். ஆவணத்தைக் கேளுங்கள்:

"வார்டு எண் …, பகுதி எண் … பகுதி சபையின் … தேதியிட்ட தீர்மானம் 3-இன் நகல். அதன் மீது எடுத்த நடவடிக்கை தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். மேற்படி பணிக்குப் பணி ஆணை வழங்கப்பட்டிருப்பின் அதன் நகல், மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்களின் நகல்."

மனு சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் பிரிவு 6(3)-இன்படி 5 நாட்களுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். உங்களிடம் திருப்பித் தரக் கூடாது. நகலுக்குப் பக்கத்துக்கு ரூ.2 கேட்டுக் கடிதம் வரும், அதைக் கட்டிவிடுங்கள். கெடு தாண்டினால் பிரிவு 7(6)-இன்படி இலவசமாகத் தர வேண்டும். பதிலே வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அவருக்கு 30 நாட்கள், மிஞ்சினால் 45. அதற்கும் பதில் இல்லை என்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.250, அதிகபட்சம் ரூ.25,000 வரை, உங்கள் மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு ஆணையம் அபராதம் விதிக்கலாம். பெரும்பாலான கேள்விகள் முதல் மேல்முறையீட்டோடு முடிந்துவிடும். பலர் அதைப் போடாமலே விட்டுவிடுவதுதான் வருத்தம்.

அளவுப் புத்தகம் கையில் கிடைத்தால் அதைத் தெருவில் வைத்தே படியுங்கள். அதில் சாலையின் நீளம், அகலம், தடிமன் எழுதியிருக்கும். முப்பது மீட்டர் நாடா ஒன்றும் இரண்டு பேரும் போதும். 210 மீட்டர் என்று எழுதிவிட்டு 180 மீட்டரோடு நின்றிருந்தால் நேரிலேயே தெரியும். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகு போட்டார்களா என்பதை வீட்டு வாசற்படியே காட்டும்: ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து வாசல் பள்ளமாகிறது என்றால் சுரண்டவில்லை. மதிப்பீட்டில் சுரண்டுவதற்குத் தனியாகப் பணம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தடிமனில் சந்தேகம் என்றால், பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் பிரிவு 2(ஒ), அதாவது தகவல் உரிமை என்பதை வரையறுக்கும் பிரிவே, இடம் தருகிறது. கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

வேறுபாடு தெரிந்தால் உடனே ஊழல் என்று கத்த வேண்டாம். நடுவில் ஒரு பகுதியை வேறு பணியில் சேர்த்திருக்கலாம், பாதாளச் சாக்கடைப் பள்ளத்துக்காக விட்டிருக்கலாம். அளந்த விவரத்தை எழுதி, மறு அளவீடு கோரி, செயற்பொறியாளருக்கு மனுக் கொடுங்கள். மறு அளவீட்டின்போது நீங்களும் உடன் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

கோப்பைப் பாதுகாப்பது

தெருவுக்கு ஒரு கோப்பு போதும். மேல்தாளில் நான்கு நெடுவரிசை: தீர்மான எண், தேதி, பொறுப்பானவர், இன்றைய நிலை. அடியில் ஒப்புகை பெற்ற நகல்கள். ஒரே ஆளிடம் இருந்தால் அவர் வீடு மாறும்போது எல்லாம் போய்விடும், எனவே இரண்டு வீடுகளில் இருக்கட்டும். பொறியாளர்கள் இடமாறுதலில் போவார்கள். புதிதாக வருபவருக்கு முந்தையவர் என்ன ஒத்துக்கொண்டார் என்பதைக் காட்ட இந்தக் கோப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அடுத்த சபை தொடங்கும்போது, புதிய கோரிக்கை எதையும் எடுக்கும் முன், முதல் பொருளாக "சென்ற கூட்டத் தீர்மானங்களின் மீதான நடவடிக்கை" என்று எழுதச் சொல்லி, மேல்தாளை வைத்து வரிசையாக வாசியுங்கள். நிறைவேறியவற்றையும் வாசியுங்கள்; செய்து கொடுத்த அலுவலரின் பதவியைச் சொல்லி நன்றி தெரிவித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.